பல்லக்கா கட்டிய பிரிட்ஜ்

கதவைத் திறந்ததும் பல்லக்கா முதலில் என் வாயைத்தான் பார்த்தார். நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்த பூதக்கண்ணாடியைச் சட்டென்று கண்ணுக்கு இறக்கி, "சிரிங்க பாப்போம்" என்றார். சிரித்தேன். "வலது பக்கமே மென்னுட்டு இருக்கீங்க, எதிர்வீடு. இடது பக்கம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குத் திரும்பிவிட்டார். யாரைப் பார்த்தாலும் இதே வரவேற்புதான். முகம் பிறகு, பல் முதலில்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் மாடிக் கட்டடத்தில் அவர் வேலை பார்க்கும் பல் லேப். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்கு அங்கேதான் பல் கட்டுகிறார்கள். ஜன்னலோர இருக்கையில் பல்லக்காவுக்கு இருபத்திரண்டு வருடம். ஒரு டப்பாவில் பிளாஸ்டர் தாடை வரும். அதில் இல்லாத பல்லை இருப்பதுபோல் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். விழுந்த பல்லின் இடத்தை மூட இரண்டு பக்கத்துப் பற்களில் பாலம்போல் மாட்டுவதற்கு அங்கே பிரிட்ஜ் என்று பெயர். அந்த வாய்க்குச் சொந்தக்காரரை அவர் பார்ப்பதே இல்லை. "ஆளைப் பாக்கவே வேணாம். கோவத்துல பல்லக் கடிக்கறவங்க, பென்சில் கடிக்கறவங்க, நகம் கடிக்கறவங்க, எல்லாம் தாடையே சொல்லிடும்" என்பார்.

'பல் அக்கா' என்று தெருவில் யாரோ கூப்பிட ஆரம்பித்து, நாக்கு சோம்பல்பட்டு, 'பல்லக்கா' ஆகிவிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. "பல்லக்கு மாதிரி இருக்கு. தூக்கறதுக்கு நாலு பேருதான் கிடைக்கல" என்று இடுப்பில் கைவைத்துச் சிரிப்பார். நல்ல கனமான சிரிப்பு. எங்கள் வீட்டுக்குள் கேட்கும்.

அவர் சமையலறையில் முட்டை அட்டையில் முட்டை இருக்காது. குழிக்கு ஒன்றாகத் திருகாணிகள், வாஷர்கள், ஒடிந்த அரத்தின் நுனிகள். கரண்டிகளுக்குப் பக்கத்தில் ஆறு அரங்கள் தொங்கும். வேலை செய்யும்போது பொருட்களிடம் பேசுவார். மனிதர்களிடம் காட்டாத கொஞ்சல் எல்லாம் ஆணிகளுக்குத்தான். "வாடி என் செல்லம், திரும்பு. ஏன், அம்மா சொன்னா கேக்க மாட்டியா? அடம் பிடிச்சா அரம் வரும், ஆமா." ஆணி திரும்பிவிடும்.

ஒன்றே ஒன்று அவருக்கு வராது. பாட்டு. "எனக்குக் காதுன்னு ரெண்டு இருக்கு, கம்மல் போடறதுக்கு" என்று அவரே சொல்வார். பாட்டில் அவருக்குத் தெரிந்தது இரண்டே ரகம்: சத்தம், ரொம்ப சத்தம். இப்படிப்பட்டவர் ஒரு மின்கிட்டாரின் குடலை உருவி மாற்றியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கிட்டாரின் கதை அவர் கணவரிடமிருந்து தொடங்குகிறது. கூரியர் நிறுவனத்தில் பார்சல் பிரிக்கும் பகுதிக்கு மேற்பார்வையாளர். நல்ல மனிதர். தொடங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பாதி கட்டிய மீன்தொட்டி, இரண்டு கால் வைத்த மடக்கு மேசை, முதல் பாடத்தோடு நின்ற நீச்சல் என்று வீடு முழுக்க அவருடைய ஆரம்பங்கள். "இவர் தொடக்க விழாவுக்கு மட்டும்தான் வருவார். முடிவு விழா எல்லாம் நம்ம தலைல" என்பது பல்லக்காவின் தீர்ப்பு.

கணவருக்கு ஒரே தங்கை. பத்தொன்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர். டிப்போவில் வேலை செய்யும் நான்கு பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருக்கிறார்கள். அதில் கிட்டார் இவர். தங்கையின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு அண்ணன் ஒரு நீள அட்டைப்பெட்டியை வாங்கி வந்தார். உள்ளே மரத்தில் அறுத்த உடல், கழுத்து, ஒயர்கள், ஒரு பை நிறைய ஆணி, எப்படிப் பொருத்துவது என்று ஒரு தாள். "கடையில வாங்கி எவன் வேணா குடுப்பான். என் தங்கச்சிக்கு நானே என் கையால செஞ்சு தர்றேன்" என்றார். அன்று காலையே கழுத்தை ஒட்டி, அளவெடுத்து, பிரிட்ஜுக்கு இரண்டு ஓட்டையும் போட்டுவிட்டார். பிரிட்ஜ் என்பது கம்பிகள் ஆறும் உடலின்மேல் ஏறி உட்காரும் உலோகப் பாலம். அதற்குக் கீழே டெயில்பீஸ். கம்பிகளின் வால்முனைகளைப் பிடித்துக்கொள்ளும் கட்டை. இரண்டையும் தாங்க மரத்தில் குழி போட்டு, திருகாணி ஏறும் குட்டி இரும்புக் குழல்களை, அதாவது புஷ்களை, இறக்க வேண்டும். அதையெல்லாம் முடித்த உற்சாகத்தில் அவர் டீ குடிக்கப் போனார். போனவர் ஏழு மாதம் கழித்துத்தான் அந்தப் பக்கம் திரும்பினார்.

நடுவில் பல்லக்கா முடித்துவிட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒயர் பற்றவைத்து, வர்ணமும் அடித்தார். என்ன வர்ணம் என்று தேடவில்லை. லேப்பில் பல்லின் நிறம் பார்க்கும் பதினாறு மாதிரிகள் உண்டு, அதில் ஒன்று. "நாப்பது வயசுக்காரிக்கு நாப்பது வயசுப் பல்லு கலர். காபி கொஞ்சம் ஓவரா குடிச்ச பல்லு." உண்மையிலேயே அழகாக இருந்தது. அண்ணன் கையால் செய்தது என்று தங்கை அதை மூன்று வருடம் மார்போடு அணைத்துக்கொண்டு வாசித்தார்.

அதைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் குறுக்கே போட்டார். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க நான் போயிருந்தேன்.

"அண்ணி, இத நீங்களே வெச்சுக்குங்க. இல்ல, யாருக்காவது குடுத்துடுங்க."

"ஏன், கசக்குதா?"

"நான் வாசிக்கறத நிறுத்திட்டேன்."

பல்லக்கா அடுப்பை அணைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. அப்புறம் சொல்லு."

விஷயம் இதுதான். இத்தனை நாள் குழுவில் வேறொரு ஓட்டுநர் முன்னணியில் வாசித்தார். நம்மவர் பின்னால் நின்று தாளத்துக்கு மீட்டிக் கொடுப்பார். கை எல்லாம் கழுத்தின் தலைப்பக்கத்திலேயே நிற்கும். இரண்டு மாதத்துக்கு முன் அந்த ஓட்டுநர் மாற்றலாகிப் போய்விட, முன்னணி இவருக்கு வந்தது. இப்போது கை கழுத்தில் கீழே இறங்கி, உடலை ஒட்டி இருக்கும் உச்ச ஸ்வரங்களைத் தொட வேண்டும். அங்கே போனதும் சுருதி விலகியது. டிரம்ஸ் அடிக்கும் ஒர்க்‌ஷாப் மெக்கானிக் முதலில் சொன்னார்: "அக்கா, உச்சத்துல போனா பிசிறு தட்டுதே." பாடுகிற பெண் சொல்லவில்லை, ஆனால் முகத்தைச் சுளித்தாள். டிப்போவின் ஆண்டுக் கூடுகைக்கு இன்னும் ஐந்து வாரம்.

"கை தப்பா வைக்கறேனோன்னு பாத்தேன். கை சரியாத்தான் இருக்கு. அப்போ காதுதானே? பத்தொம்பது வருஷம், அண்ணி. எஞ்சின் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்." அவர் கைப்பையைத் திறந்து நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். டிப்போவில் எல்லா ஓட்டுநர்களுக்கும் வருகிற காதுப் பரிசோதனைச் சீட்டு. "ரெண்டு தடவ தள்ளிப் போட்டுட்டேன். போனா தெரிஞ்சுடும். தெரிஞ்சா வண்டியத் தர மாட்டாங்க. உக்காத்தி வெச்சு டிக்கெட் எண்ணச் சொல்லுவாங்க."

நான் ஏணியைப் பிடித்தபடியே நின்றேன். பேருந்தை விட்டால் அந்தப் பெண்மணிக்கு வேறு உலகம் கிடையாது என்பது எனக்குக்கூடத் தெரியும். ஒடிக்க முடியாத சந்தில் வண்டியை ஒடித்துவிட்டு, பயணிகள் கைதட்டியதை வருடத்துக்கு நான்கு முறை சொல்லுவார்.

"கிட்டார்ல கோளாறா இருந்தா?" என்றார் பல்லக்கா.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். அந்தப் பேச்சு நமக்கு வேணாம். அதுவும் அண்ணா கையால செஞ்சது."

"கூடம் நெசமாவே கோணலா இருந்தா என்ன பண்றது? ஆடத் தெரிஞ்சவளும் விழத்தானே செய்வா." பூதக்கண்ணாடி கீழே இறங்கியது. "எங்க வலிக்குது, காட்டு."

சோதனை நடந்த விதம் இப்படி. தங்கை தன் போனில் சுருதி காட்டும் செயலியைத் திறந்தார். கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் முள் நடுவில் நின்று பச்சை காட்டியது. கழுத்தில் குறுக்கே பதித்த பட்டைகளில் பன்னிரண்டாவதில் அழுத்தி மீட்டினால் அதே ஸ்வரம்தான் ஒரு படி மேலே வர வேண்டும். முள் வலது பக்கம் சாய்ந்து சிவப்பானது. ஆறு கம்பியிலும் அப்படியே. பல்லக்காவுக்கு இரண்டு சத்தமும் ஒன்றுதான். ஆனால் சிவப்பு தெரியும்.

"இந்த முள்ளுக்கு எஞ்சின் சத்தம் கேட்டு காது போச்சா?" என்று கேட்டார்.

தங்கை இன்னொரு முறை மீட்டிப் பார்த்தார்.

பல்லக்கா வெர்னியரையும் நீண்ட எஃகு அளவுகோலையும் எடுத்தார். கழுத்தின் தலையில், கம்பிகள் தாண்டி வரும் சின்ன வெள்ளைக் கட்டையிலிருந்து பன்னிரண்டாம் பட்டை வரைக்கும் ஒரு அளவு. அங்கிருந்து பிரிட்ஜ் வரைக்கும் ஒரு அளவு. இரண்டாவது, முதலாவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று தாளில் போட்டிருக்கும் என்றார் தங்கை. இங்கே குறைவாக இருந்தது. பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் முன்னும் பின்னும் நகரும் ஒரு குட்டித் துண்டு உண்டு. ஆறும் முடிந்தவரை பின்னால் தள்ளப்பட்டு, சுவரில் முட்டிக்கொண்டு நின்றன.

"என்னங்க," என்று உள்ளே குரல் கொடுத்தார் பல்லக்கா, "அந்தப் பொட்டியில வந்த பேப்பர் இருக்கா?"

கணவர் எதையும் முடிக்க மாட்டாரே தவிர, எந்தத் தாளையும் தொலைக்க மாட்டார். கோப்போடு வந்தார். விஷயம் தெரிந்ததும், "ஓட்டைல தப்பில்ல. பேப்பர்ல என்ன போட்டிருக்கோ அதே அளவு. மில்லிமீட்டர் மாறல" என்று குரலை உயர்த்தினார். உண்மைதான். அளவு மாறவில்லை. பல்லக்கா தாளில் இருந்த படத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு கழுத்தின் தலையிலிருந்த வெள்ளைக் கட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"இதோட இந்தப் பக்கத்துல, பட்டை இருக்கற பக்கத்துல இருந்து அளக்கணும். நீங்க அந்தப் பக்கத்துல இருந்து அளந்திருக்கீங்க. கட்டை அஞ்சு மில்லி. ஓட்டையும் அஞ்சு மில்லி முன்னால வந்துடுச்சு."

கணவர் தாளை வாங்கிப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து காற்று இறங்குவது தெரிந்தது.

"உன் காது சரியாத்தான் கேக்குது," என்று நாத்தனாரிடம் சொன்னார் பல்லக்கா. "கேக்காத காதா இருந்தா, தப்புன்னு உனக்கே தெரிஞ்சிருக்காதே. என்னைப் பாரு, எனக்கு ஒரு கவலையும் இல்ல."

தங்கை சிரிக்க முயன்று, முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னைத் தேத்தறதுக்காக அண்ணா மேல பழி போடறீங்க."

"உங்கண்ணன் மேல பழி போடறதுக்கு எனக்குக் காரணம் வேற தேவையா? சரி, நம்ப வேணாம். சரி பண்ணித் தர்றேன், வாசிச்சுப் பாரு. சரியாகலன்னா உன்னை டெஸ்ட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். சரியானாலும் கூட்டிட்டுப் போறேன். பின்னால அறுவது பேரு உக்காந்திருக்காங்க இல்ல, வெளயாட்டா?"

புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றார் கணவர். குரலில் உயிரில்லை. "பல்லு கோணலா முளைச்சா தாடையைக் கழட்டியா போடுவாங்க?" என்றார் பல்லக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பழைய பிரிட்ஜையே இடம் மாற்றியிருக்கலாம். ஆனால் அதை எடுத்து மேசைக் கண்ணாடியின்மேல் வைத்துப் பார்த்தபோது நடுவில் தொய்ந்திருந்தது. கீழே ஒரு தாள் நுழைந்து வெளியே வந்தது. டெயில்பீஸின் புஷ் இரண்டும் ஆடும் பல் மாதிரி ஆடின. இரண்டையும் மாற்றிவிடுவதென்று முடிவாயிற்று. வியாழக்கிழமை புதுச் சாமான் வந்தது. சோப்புப் பெட்டி அளவுதான். பல்லக்கா பிரிட்ஜை உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டினார். "நாள் முழுக்க லேப்ல பிரிட்ஜ். வீட்டுக்கு வந்தாலும் பிரிட்ஜ். இதுக்கு மட்டும் வாய் நாத்தம் இல்ல."

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. என்னையும் கூப்பிட்டார். என்ன உதவி செய்யட்டும் என்றேன். "பேசாம இருங்க. அதுதான் பெரிய ஒத்தாசை."

கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினார். ஒவ்வொரு புஷ்ஷைச் சுற்றியும் கத்தி முனையால் வர்ணத்தில் ஒரு வட்டம் கீறினார். இழுக்கும்போது வர்ணம் சேர்ந்து பெயராமல் இருக்க. இறுகிப்போன புஷ்ஷை எப்படி வெளியே எடுப்பார் என்று காத்திருந்தேன். குறடு வைத்து மல்லுக்கட்டுவார் என்று நினைத்தேன். அவர் முட்டை அட்டையிலிருந்து ஒரு குட்டை ஆணியை எடுத்துக் குழிக்குள் போட்டார். அதன்மேல் நீளத் திருகாணியைப் புஷ்ஷுக்குள் திருகினார். திருகாணி அடியில் இருந்த ஆணியை முட்டியது. மேலும் இறங்க இடமில்லை. திருகத் திருக, புஷ் தானாக மேலே ஏறி வந்தது. "இழுத்தா வராது. கீழ நின்னு முட்டுக் குடுத்தா வரும்" என்றார். கணவர் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

டெயில்பீஸின் இரண்டாவது புஷ் வெளியே வந்தபோது அதோடு ஒரு மெல்லிய ஒயர் நுனி எட்டிப் பார்த்தது.

"இது என்னடி புதுசா, நரம்பா?" என்று குனிந்தார்.

"அதை வெட்டிடாத." கணவர் உள்ளே வந்திருந்தார். "அது எர்த். நீ பத்த வெச்சது அந்த முனை. இந்த முனைய நான்தான் உள்ள ஓட்டை போட்டு விட்டேன். புஷ்ஷுக்கு அடியில அது இரும்பத் தொட்டுட்டு இருக்கணும். இல்லன்னா ஸ்பீக்கர் இரையும். அத மட்டும் நான் மூணு தடவ படிச்சுட்டுத்தான் பண்ணேன்."

பல்லக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பூதக்கண்ணாடிக்குப் பின்னால் கண் பெரிதாக இருந்தது. "அப்ப வாங்க. வந்து இதப் பிடிங்க. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு" என்றார். அவர் வந்து பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு வாசல்படிக்குப் போகவில்லை.

பிரிட்ஜின் பழைய ஓட்டைகளுக்குக் கெட்டியான மரத்தில் இரண்டு உருளை செதுக்கி வைத்திருந்தார். சும்மா செதுக்கவில்லை, ஓட்டையில் நுழைத்து, எடுத்து, எங்கே உரசுகிறதோ அங்கே ஒரு மயிரிழை தேய்த்து, மறுபடி நுழைத்து, பதினோராவது முறைதான் திருப்திப்பட்டார். மரப் பசை தடவி உள்ளே இறக்கி, மேலே மட்டமாக அறுத்துவிட்டு, எங்களை எல்லாம் சமையலறையை விட்டு வெளியே அனுப்பினார். "நாளைக்கு வரைக்கும் யாரும் தொடக் கூடாது. ஒட்டினது ஒட்டட்டும்." அன்று மதியம் அவர்கள் வீட்டில் எல்லோரும் கூடத்தில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் தங்கையும் வந்துவிட்டார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை; ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தார். பல்லக்கா சரியான பக்கத்திலிருந்து அளந்தார். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அளவை வாய்விட்டுச் சொல்லி, கணவரைத் தாளில் எழுதச் சொன்னார். மூன்றும் ஒன்றாக இருந்தன. பிறகு, நோயாளி கடித்துப் பார்க்கக் கொடுக்கும் நீலத் தாளை உடலின்மேல் விரித்து, புதுப் பிரிட்ஜின் கால்களைச் சரியான இடத்தில் நிறுத்தி ஒரு அழுத்து அழுத்தினார். பல் நிற மரத்தில் இரண்டு நீலப் பொட்டு.

டிரில் மெஷினில் பிட்டை மாட்டி, எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அந்த இடத்தில் டேப் சுற்றினார். மெஷினைக் கணவரிடம் நீட்டினார்.

அவர் ஒரு அடி பின்னால் போனார். "வேணாம்மா. நீயே போடு. நான் போட்டுத்தானே இந்தப் பாடு."

"உங்க தங்கச்சிக்கு என் கையால பண்ணித் தர்றேன்னு சொன்னது யாரு, நானா?"

"கை நடுங்குது."

"நடுங்கட்டும். மெஷின் கனம்தானே, அமுக்கிக்கும். நேரா பாருங்க. சாஞ்சா நான் சொல்றேன்."

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை நடப்பதை நிறுத்திவிட்டு அண்ணனுக்கு எதிரே வந்து, கிட்டாரின் உடலை இரண்டு கையாலும் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். "போடுண்ணா" என்றார்.

மெஷின் கத்தியது. சுருள் சுருளாக மரத்தூள் எழுந்து நாத்தனாரின் கைமேல் விழுந்தது. பல்லக்கா மேசை மட்டத்துக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, "நேரா... நேரா... கொஞ்சம் உங்க பக்கம்... நிறுத்துங்க" என்றார். டேப் மரத்தைத் தொட்டிருந்தது. இரண்டாவது ஓட்டை இன்னும் சுத்தமாக விழுந்தது. பல்லக்கா வெர்னியர் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ம். பரவாயில்ல" என்றார். லேப்பில் அவரிடம் வேலை பழகியவர்கள் 'பரவாயில்ல'யைக் கேட்க வருடக்கணக்கில் காத்திருப்பார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

மீதி வேலை தானாகவே ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. ஆடிய டெயில்பீஸ் குழிகளுக்கு மெல்லிய மரச்சீவலை உள்ளே சுற்றி, ஒயரின் நுனியை விரித்து அடியில் வைத்து, புதுப் புஷ்ஷை மரச்சுத்தியலால் தட்டி இறக்கினார்கள். பிரிட்ஜின் முன்னால் பழைய அடைப்பு பிறை வடிவில் கொஞ்சம் தெரிந்தது. பல்லக்கா மூன்று வெள்ளைகளையும் ஒரு சொட்டு மஞ்சளையும் கலந்து, மீசை மயிர் அளவு தூரிகையால் தொட்டுத் தொட்டு மூடினார். பிற்பாடு, உலர்ந்தபின், எங்கே பிறை என்று நான் தேடினேன். கிடைக்கவில்லை.

புதுக் கம்பி போட்டதும் கடைசி வேலை. பிரிட்ஜின் குட்டித் துண்டுகளை முன்னும் பின்னும் நகர்த்தி ஒவ்வொரு கம்பியையும் சரிசெய்ய வேண்டும். தங்கை மீட்டுவார், போன் முள்ளைப் பார்த்துப் பல்லக்கா அரைத் திருகு, கால் திருகு திருப்புவார். "இன்னும் கொஞ்சம் வாடி... போதும், போதும், ஓடாத." முதல் கம்பி பச்சை. இரண்டாவது பச்சை. ஐந்தாவதுக்கு வரும்போது தங்கை போனைக் கவிழ்த்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, அழுத்தாமல் ஒரு முறை, பன்னிரண்டில் அழுத்தி ஒரு முறை மீட்டினார். "இன்னும் ஒரு கால் திருகு, அண்ணி" என்றார். திருப்பினார் பல்லக்கா. போனை நிமிர்த்தினார்கள். பச்சை.

ஆறாவது கம்பிக்கு முள்ளைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு அவர் எழுந்து நின்று, சின்ன ஸ்பீக்கரில் மாட்டி, கழுத்தின் அடிவரைக்கும் விரல்களை ஓடவிட்டு வாசித்தார். இரைச்சல் இல்லை. பிசிறு இல்லை. எனக்கு இசை கொஞ்சம் தெரியும்; உச்சத்தில் அந்த ஸ்வரம் நூல் பிடித்த மாதிரி நின்றது. பாதியில் நிறுத்திவிட்டு அண்ணனின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார். அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் தங்கையின் கையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார். "அழறதுன்னா கிட்டார இறக்கி வெச்சுட்டு அழு. பெயிண்ட் இன்னும் காயல" என்றார் பல்லக்கா.

அந்த வாரமே சொன்னபடி நாத்தனாரைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார். எஞ்சின் பக்கத்துக் காதில் கொஞ்சம் குறைவு இருக்கிறதாம். இந்த வேலையில் இருக்கும் யாருக்கும் வருவதுதான், வண்டி ஓட்ட ஒரு தடையும் இல்லை, வருடத்துக்கு ஒரு முறை வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் தங்கை படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். பல்லக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த டாக்டருக்குக் கீழ்ப்பல்லு ரெண்டு கட்டணும். நான் சொல்லல, பாவம்" என்றாராம். இதைச் சொன்னது தங்கைதான். பல்லக்கா இதையெல்லாம் சொல்கிறவர் அல்ல.

ஆண்டுக் கூடுகை டிப்போவின் ஒர்க்‌ஷாப்பில் நடந்தது. பேருந்துகளை வெளியே நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கறையைக் கழுவி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தொடங்குமுன் மெக்கானிக் எங்கள் வரிசைக்கு வந்தார். பேருந்தின் அடியில் படுத்து வாழ்கிறவர்; நல்ல வேலையைப் பார்த்தால் அவருக்குத் தெரியும்.

"கிட்டாரப் பாத்தேன். அந்த பிரிட்ஜ் உக்காந்திருக்கற நேர்த்தி! எந்தக் கடையில பண்ணீங்க?"

"கடையா? எங்க சமையல்கட்டுல" என்றார் கணவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "ஓட்டை போட்டது நான்தான்."

"ரெண்டு தடவ" என்றார் பல்லக்கா.

மெக்கானிக்குக்குப் புரியவில்லை. தங்கை மேடையிலிருந்தே சிரித்தது கேட்டது.

முதல் இரண்டு பாட்டுக்கும் பல்லக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மேடையில் இருப்பவர்களின் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாடற பொண்ணுக்கு நல்ல வரிசை" என்று என் காதில் சொன்னார். மூன்றாவது பாட்டு மெதுவாகத் தொடங்கியது. குரல் நின்றது. டிரம்ஸ் தணிந்தது. தங்கை ஒரு அடி முன்னால் வந்தார். கழுத்தில் அவர் கை மெல்ல இறங்க ஆரம்பித்தது. பன்னிரண்டைத் தாண்டி, இத்தனை நாள் அவரைக் கலங்கடித்த அந்தக் கடைசிப் பட்டைகளை நோக்கிப் போனது. முன்வரிசையில் ஓட்டுநர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் கணவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார்.

முதல் உச்ச ஸ்வரம் கொட்டகை முழுக்க நிறைந்தது.

பல்லக்கா மேடையைப் பார்க்கவில்லை. குனிந்து, இரண்டு செருப்பையும் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். அதிர்ந்துகொண்டிருந்த சிமெண்டுத் தரையில் வெறும் பாதங்களை முழுதாகப் பதித்து, பாட்டு முடியும்வரை எடுக்காமல் வைத்திருந்தார்.